யாருக்குப் பாதுகாப்பு?



இன்று நான் பேசப் போவது ஒரே ஒரு மருந்தைப் பற்றி. பெயர் என்ரோஃபிளாக்சசின். பெயர் வாயில் நுழையவில்லை என்றால் கவலை வேண்டாம். மருந்து உங்களில் பலருக்குப் பழக்கமானதுதான். மாட்டுக்கு ஊசியாக, கோழிக்குத் தண்ணீரில் கலக்கும் திரவமாக, நாய்க்கு மாத்திரையாக வருகிறது. கடையில் போய் நின்று, "அண்ணே, நல்லா பவரா ஒண்ணு குடுங்க" என்றால் கைக்கு வரும் புட்டிகளில் இதுவும் ஒன்று.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது? இது பாதுகாப்பானதா? இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதைக் கேட்டால், பதில் சொல்லும் முன் உங்களையே திருப்பிக் கேட்பேன்: யாருக்கு?

குதர்க்கம் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1940-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதிக்குப் போவோம். இடம் ஆக்ஸ்ஃபோர்டு. ஹோவர்ட் ஃபுளோரியின் ஆய்வுக்கூடத்தில் எட்டு சுண்டெலிகளுக்கு உயிரைக் குடிக்கும் அளவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை ஏற்றினார்கள். நான்கு எலிகளுக்குப் பெனிசிலின் கொடுத்தார்கள். மற்ற நான்குக்கு எதுவும் கொடுக்கவில்லை. நார்மன் ஹீட்லி என்ற இளம் விஞ்ஞானி நள்ளிரவு தாண்டியும் கூண்டுகளை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது விடிவதற்குள் மருந்து பெறாத நான்கும் செத்துக் கிடந்தன. பெற்ற நான்கும் உயிரோடு இருந்தன. அந்த இரவிலிருந்துதான் பெனிசிலின் உலகத்துக்கு மருந்தாகத் தெரியத் தொடங்கியது.

அன்று கூண்டில் சுண்டெலிக்குப் பதில் கினிப்பன்றி இருந்திருந்தால்?

மூன்றே ஆண்டுகளில், 1943-இல், பெனிசிலின் கினிப்பன்றிகளைக் கொல்கிறது என்று ஆய்வறிக்கை வந்தது. கிருமி ஏற்றாத, நல்ல ஆரோக்கியமான கினிப்பன்றிகளையே கொன்றது. காரணம் என்ன? அந்தப் பிராணியின் குடலில் வாழும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் பெனிசிலினுக்கு அடங்கிப்போகும் வகை. அவை செத்ததும், அதுவரை ஒடுங்கிக் கிடந்த கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி பெருகி நஞ்சைக் கக்குகிறது. பிராணி கழிச்சல் கண்டு செத்துப்போகிறது. முயலுக்கும் இதே கதி நேரலாம். நம் குழந்தைகளுக்கு நாம் நம்பிக்கையோடு கொடுக்கும் அமாக்சிசிலின் சிரப்பை முயலுக்கு வாய் வழியே கொடுத்தால் அதன் உயிருக்கே ஆபத்து.

அதே முயலுக்கு மருத்துவர்கள் தைரியமாகக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றுதான் இன்று நான் பேச வந்திருக்கும் என்ரோஃபிளாக்சசின். காற்றில்லாத இடத்தில் வாழும் குடல் பாக்டீரியாக்களை அது அதிகம் தொடுவதில்லை. அதனால் முயலின் குடலுக்குள் கலவரம் மூளுவதில்லை. இதைக் கேட்டதும் பெனிசிலினைவிட இது சாது என்று முடிவு கட்டிவிடுவோமா? அவசரப்படாதீர்கள். பூனைக்கு வரும்போது கதை தலைகீழாகத் திரும்பும்.

முதலில் மருந்தின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேரியாவுக்கான குளோரோகுயின் தயாரிப்பில் துணைப்பொருளாக ஒன்று கிடைத்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் லெஷர் என்பவரும் அவருடைய குழுவினரும் அதைப் பின்தொடர்ந்து போய் நாலிடிக்சிக் அமிலம் என்ற மருந்தை 1962-இல் அறிவித்தார்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு அது உதவியது, அதற்கு மேல் போகவில்லை. பிறகு இந்த மூலக்கூற்றில் ஒரு ஃபுளோரின் அணுவைச் சேர்த்துப் பார்த்தார்கள். வீரியம் பல மடங்கு ஏறியது. நார்ஃபிளாக்சசின் வந்தது, சிப்ரோஃபிளாக்சசின் வந்தது. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் சிப்ரோவின் உருவத்தைக் கொஞ்சம் மாற்றி, விலங்குகளுக்கென்றே என்ரோஃபிளாக்சசினைக் கொண்டுவந்தது. விலங்கின் உடலுக்குள் போனதும் இதில் ஒரு பகுதி மீண்டும் சிப்ரோஃபிளாக்சசினாகவே மாறிவிடுகிறது. இந்த ஒரு செய்தியை மட்டும் மனதில் வையுங்கள். கோழியைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

சரி, இது கிருமியை எப்படிக் கொல்கிறது?

கழிச்சல் உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. அதற்குள் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் வரும். தன் உடம்பைப் போல எழுநூறு மடங்குக்கு மேல் நீளமான ஒன்றை அந்த உயிர் தனக்குள் முறுக்கிச் சுருட்டி வைத்திருக்கிறது. வசதியான சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அது இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு முறையும் அந்த டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுத்தாக வேண்டும்.

நகலெடுக்க வேண்டுமானால் இரண்டு இழைகளையும் பிரிக்க வேண்டும். இங்கே கயிறு திரித்துப் பழகியவர்கள் இருப்பீர்கள். இரண்டு புரி சேர்த்து முறுக்கிய கயிற்றை நடுவில் பிடித்துப் புரி பிரித்துப் பாருங்கள். பிரித்த இடம் தளரும், ஆனால் அங்கிருந்த முறுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து கயிறு சுருண்டு சிக்கு விழும். மேலே ஓர் அங்குலம்கூடப் பிரிக்க முடியாது. பாக்டீரியாவுக்கும் இதே தொல்லைதான். இதைத் தீர்க்க அது ஒரு நொதியை வைத்திருக்கிறது. 1976-இல் மார்ட்டின் கெல்லர்ட் குழுவினர் கண்டுபிடித்து, கைரேஸ் என்று பெயரிட்டார்கள். இந்த நொதி டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் அறுக்கிறது. அறுத்த இடைவெளி வழியே டி.என்.ஏ.வின் இன்னொரு பகுதியை நுழைத்து அப்பால் விடுகிறது. பிறகு அறுத்ததை ஒட்டிவிடுகிறது. முறுக்கு தளர்கிறது, வேலை தொடர்கிறது.

என்ரோஃபிளாக்சசின் எங்கே வருகிறது? நொதி அறுக்கும் வரை அது தடுப்பதில்லை. அறுத்த பிறகு அந்த வெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒட்ட விடுவதில்லை! அறுத்தது அறுத்தபடி நிற்கிறது. நகலெடுக்கும் இயந்திரம் வந்து அதில் மோதுகிறது. டி.என்.ஏ. துண்டு துண்டாக உடைகிறது. பாக்டீரியா தன் உயிரைக் காக்க வைத்திருந்த நொதியே அதன் உயிருக்கு உலை வைக்கிறது. கைரேஸுக்கு ஒரு பங்காளி நொதியும் உண்டு. டோபோஐசோமரேஸ் நான்கு என்று அதற்குப் பெயர். மருந்து அதையும் பிடிக்கும்.

நம் உடலிலும் மாட்டின் உடலிலும் இதே வேலையைச் செய்யும் நொதிகள் உண்டு. ஆனால் அவற்றின் அமைப்பு வேறு. அவற்றைப் பிடிக்க மருந்து நூறு மடங்கு அளவுக்குக் கூடுதலாக வேண்டியிருக்கும். நோய்க்குக் கொடுக்கும் அளவில் கிருமி சாகிறது, மாடு பிழைக்கிறது. இந்த மருந்தின் பாதுகாப்புக்கு அடிப்படையே இந்த இடைவெளிதான்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடுகளில் தினமும் இதில்தான் தவறு நடக்கிறது. பெனிசிலின் வகை மருந்துகளுக்குக் கிருமியோடு இருக்கும் நேரம் முக்கியம். போதிய அளவு இரத்தத்தில் நீடித்து நிற்க வேண்டும். என்ரோஃபிளாக்சசினுக்கு உச்ச அளவு முக்கியம். ஒரே வேளையில் முழு அளவும் போய்க் கிருமியை உலுக்க வேண்டும். அதனால்தான் பொதுவாக நாளுக்கு ஒரு வேளை என்று எழுதுகிறோம். "பவர் மருந்துன்னு சொன்னாங்க டாக்டர், பயமா இருந்துச்சு, அதான் காலையில பாதி ராத்திரி பாதின்னு குடுத்தேன்" என்று எத்தனை பேர் வந்து சொல்லியிருக்கிறார்கள்! இரண்டு பாதிகளும் உச்சத்தைத் தொடுவதில்லை. பலவீனமான கிருமி செத்துவிடும், பாதி தாங்கும் கிருமி பிழைத்துப் பெருகும். பயந்து குறைத்தவர் நாய்க்கும் பாதுகாப்பைத் தரவில்லை, ஊருக்கும் தரவில்லை.

இன்னொரு குணமும் இதற்கு உண்டு. உலோகம் என்றால் போய் ஒட்டிக்கொள்ளும். கால்சியம், மெக்னீசியம், இரும்பு, அலுமினியம், எது கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும். வெட்டுக்குள் உட்காரும்போது நொதியைப் பிடித்துக்கொள்ளவே அதற்கு ஒரு மெக்னீசியம் அயனி கைகொடுக்கிறது. ஆக இது அதன் பலம். இதே குணம் குடலில் போய்ப் பலவீனமாகிறது. நாய்க்கு மாத்திரையைப் பாலில் போட்டுக் கொடுத்தால், பாலின் கால்சியம் அதைக் கட்டிப்போடும். வயிற்றுப் புண்ணுக்கான சுக்ரால்ஃபேட், அமில முறிவு மருந்து, இரும்புச்சத்து டானிக் எல்லாம் கூடவே கொடுத்தால் மருந்து இரத்தத்தில் ஏறாமல் மலத்தோடு வெளியே போய்விடும். கோழிப்பண்ணை நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: உப்புப் படிந்து குழாயை அடைக்கும் போர் தண்ணீரில் இந்த மருந்தைக் கலந்தால், கோழியின் உடலில் ஏறும் அளவு குறைகிறது. "மருந்து கேட்கலீங்க" என்று அடுத்த புட்டியை வாங்கும் முன் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்.

இதே உலோகப் பற்று மூன்றாவதாக ஓர் இடத்தில் தீங்காக மாறுகிறது. அது வளரும் குட்டியின் மூட்டு.

1977-இல் நாலிடிக்சிக் அமிலமும் அதன் வகையைச் சேர்ந்த மருந்துகளும் இளம் பீகிள் நாய்களின் மூட்டைக் கெடுக்கின்றன என்று தெரியவந்தது. எடையைத் தாங்கும் மூட்டுகளில் குருத்தெலும்பு கொப்புளம் போலக் கிளம்பி உரிந்தது. குட்டிகள் நொண்டின. வளரும் குருத்தெலும்புக்கு மெக்னீசியம் அவசியம். மருந்து அதைப் பறித்துக்கொள்வதால் செல்கள் பிடிப்பை இழக்கின்றன என்பது பலரும் ஏற்கும் விளக்கம். மெக்னீசியம் இல்லாத தீவனம் கொடுத்த இளம் எலிகளிலும் இதே போன்ற புண் வந்ததைச் சான்றாகக் காட்டுகிறார்கள். குழந்தைகளுக்கு இந்த வகை மருந்துகளை எழுத மருத்துவர்கள் நீண்ட காலம் தயங்கியதற்கு அந்தப் பீகிள் குட்டிகள்தான் காரணம். நம் பிள்ளைகளுக்கான எச்சரிக்கை நாய்க்குட்டிகளின் முழங்காலிலிருந்து வந்தது. இந்த நன்றிக்கடனை யாரும் பேசுவதில்லை, நானாவது சொல்லி வைக்கிறேன்.

ஆகவே சிறிய, நடுத்தர இன நாய்களுக்கு இரண்டு மாதத்திலிருந்து எட்டு மாதம் வரை இந்த மருந்தைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பெரிய இனங்களுக்கு ஒரு வயது வரை, மிகப் பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயது வரை. ராஜபாளையம் குட்டி வளர்க்கிறவர்கள் இங்கே இருந்தால் யோசியுங்கள். ஆறு மாதத்தில் அது பார்வைக்குப் பெரிய நாய், மூட்டோ இன்னும் பச்சை. குட்டிக்குக் கழிச்சல் என்றதும் தொழுவத்தில் மாட்டுக்கு வாங்கி மிஞ்சியிருக்கும் புட்டியைத் தேடிப் போகிறோம். மாட்டுக்கான 10 சதவீத ஊசி மருந்து கடுமையான காரத்தன்மை கொண்டது, சதையைப் புண்ணாக்கும். அதை நாய்க்குட்டியின் தொடையில் குத்தினால் ஒரே ஊசியில் இரண்டு தவறு. அதோடு பெரும்பாலான குட்டிகளின் கழிச்சல் பார்வோ வைரஸாகவோ குடற்புழுவாகவோ இருக்கும். இந்த மருந்துக்கு வைரஸிடமும் புழுவிடமும் வேலையே கிடையாது.

குதிரைக்குட்டிக்கும் இதே மூட்டுப் பயம் உண்டு. வலிப்பு வரும் நாய்க்குக் கொடுத்தால் வலிப்பு கூடலாம். இவற்றை மருத்துவர் பார்த்துக்கொள்வார், அதனால் விட்டுவிட்டு நான் பூனைக்கு வருகிறேன். இன்றைய பேச்சில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இதுதான்.

என்ரோஃபிளாக்சசின் வந்த புதிதில் பூனைக்கும் நாய்க்கும் ஒரே அளவு. உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். பல ஆண்டுகள் பிரச்சினை பெரிதாகத் தெரியவில்லை. பிறகு, பிடிவாதமான கிருமிகளுக்கு உச்ச அளவு தேவை என்ற அறிவு வளர்ந்தது. சற்று முன் நான் சொன்ன அதே அறிவு, சரியான அறிவு. அதன்படி 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அளவை 20 மில்லிகிராம் வரை உயர்த்த வழி விட்டார்கள். நாய்கள் தாங்கிக்கொண்டன. பூனைகள்?

சில பூனைகள் குருடாயின.

அதுவும் எப்படி! திடீரென்று. சில நாட்கள் மருந்து சாப்பிட்ட பூனை, நல்ல வெளிச்சத்திலும் கண்மணி விரிந்து கிடக்க, நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டு நிற்கும். கண்ணுக்குள் பார்த்தால் விழித்திரை மெலிந்து, பின்னால் இருக்கும் ஒளிரும் படலம் கண்ணாடி போலப் பளபளக்கும். 2001-இல் இப்படிப் பாதிக்கப்பட்ட 17 பூனைகளைப் பற்றிக் கண் மருத்துவ இதழில் அறிக்கை வந்தது. சிலவற்றுக்குப் பார்வை ஓரளவு திரும்பியது, பலவற்றுக்குத் திரும்பவில்லை. நிறுவனமே நடத்திய சோதனையில் 5 மில்லிகிராம் கொடுத்த பூனைகளின் விழித்திரை கெடவில்லை, 20-உம் அதற்கு மேலும் கொடுத்தவற்றுக்குக் கெட்டது. அளவை மீண்டும் ஐந்துக்கே இறக்கினார்கள்.

ஏன் பூனைக்கு மட்டும்? நாயின் கண்ணும் கண்தானே? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. விழித்திரைக்கும் இரத்தத்துக்கும் இடையில் ஒரு தடுப்பு இருக்கிறது. அந்தத் தடுப்பில், உள்ளே நுழைந்த வேண்டாத பொருள்களைப் பிடித்து வெளியே தள்ளும் புரதம் ஒன்று உண்டு. ஏ.பி.சி.ஜி.2 என்று பெயர். 2011-இல் பூனையின் இந்தப் புரதத்தை மற்றப் பாலூட்டிகளின் புரதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மற்றவற்றில் மாறாத நான்கு இடங்களில் பூனைக்கு மட்டும் அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. நான்கே நான்கு! அந்த மாற்றத்தால் பூனையின் புரதம் இந்த மருந்தைச் சரியாக வெளியே தள்ளுவதில்லை. மருந்து விழித்திரையில் தங்குகிறது. இந்த வகை மருந்துகளுக்கு ஒளி பட்டால் வினைபுரியும் குணம் உண்டு. உடம்பில் ஒளி நேராக உள்ளே புகும் இடம் எது? கண். தங்கிய மருந்தின் மீது ஒளி விழுகிறது, வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பிறக்கின்றன, பார்வைச் செல்கள் சாகின்றன.

மருந்து மாறவில்லை. புட்டி மாறவில்லை. கொடுத்தவரின் நல்லெண்ணமும் மாறவில்லை. நாயைக் காப்பாற்றிய அதே அளவு பூனையைக் குருடாக்கியது. இப்போது சொல்லுங்கள், என்ரோஃபிளாக்சசின் பாதுகாப்பான மருந்தா என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? யாருக்கு என்றுதானே கேட்க வேண்டியிருக்கிறது?

பூனை வளர்ப்பவர்கள் பீதியடைய வேண்டாம். கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்குள் கொடுத்தால் பார்வை போவது மிக மிக அரிது. ஆனால் வயதான பூனை, சிறுநீரகம் தளர்ந்த பூனை என்றால் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள். மருந்து வெளியேறத் தாமதமானால் ஐந்தே அதற்குப் பத்தாகிவிடும். மூன்று கிலோப் பூனைக்கு 15 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. நாய்க்கு வாங்கிய 150 மில்லிகிராம் மாத்திரையைக் கத்தியால் கீறி, குத்துமதிப்பாக ஒரு துண்டு கொடுப்பது கூடவே கூடாது. ஐந்து மில்லிகிராமுக்கு அடங்காத கிருமி என்றால் அளவை ஏற்றுவதை விட்டுவிட்டு வேறு மருந்துக்குப் போக வேண்டும். இதே குடும்பத்தில் பிராடோஃபிளாக்சசின் என்ற பின்னாளைய மருந்து, பூனையின் விழித்திரையைச் சோதித்துப் பார்த்த பிறகே சந்தைக்கு வந்தது. பட்டால்தான் அறிவு வருகிறது, மருந்து நிறுவனங்களுக்கும்.

"மனுஷனுக்குக் கொடுக்கிற சிப்ரோ மாத்திரை பத்து ரூபாய்க்குள்ள கிடைக்குதே, நாய்க்கு அதையே கொடுத்தா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆனால் என்ரோ மாத்திரை நாயின் குடலிலிருந்து ஏறக்குறைய முழுதாக ஏறுகிறது. சிப்ரோ மாத்திரை ஒரு நாய்க்கு நன்றாக ஏறும், பக்கத்து வீட்டு நாய்க்குப் பாதிகூட ஏறாது. எந்த நாய்க்கு எவ்வளவு ஏறும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. குதிரைக்கோ பெரும்பகுதி குடலிலேயே தங்கி உயிருக்கே ஆபத்தான கழிச்சலில் கொண்டுபோய் விடும்.

இதுவரை மருந்தை வாங்கிக்கொள்ளும் விலங்குக்குப் பாதுகாப்பா என்று பார்த்தோம். இனி, மருந்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவருக்குப் பாதுகாப்பா என்று பார்ப்போம். கோழிக்கு வருகிறேன்.

நாய்க்கு நோய் என்றால் அந்த ஒரு நாய்க்கு மாத்திரை. பண்ணையில் அப்படி முடியாது. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே கொட்டகையில். சில கோழிகள் சோர்ந்தால் தண்ணீர்த் தொட்டியிலேயே மருந்தைக் கலக்கிறோம். நோயில்லாத கோழி நிறையக் குடிக்கிறது, நோயுள்ள கோழி குடிப்பதே குறைவு. யாருக்கு வேண்டுமோ அதற்குக் குறைவாகவும், யாருக்கு வேண்டாமோ அதற்கு நிறைவாகவும் மருந்து போய்ச் சேருகிறது.

கோழியின் குடலில் கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியா சும்மா குடியிருக்கும். கோழிக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. சரியாக வேகாத கறி வழியாக மனிதனுக்குள் போனால் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். அந்தப் பாக்டீரியாவின் கைரேஸ் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், இந்த வகை மருந்து அதற்கு உறைக்காது. கொட்டகை முழுக்க மருந்து ஓடும்போது மாறாதவை செத்து, மாறியவை மட்டும் நிலைக்கும். கோழிக்குக் கொடுத்தது என்ரோ. மனிதனுக்கு எழுதுவது சிப்ரோ. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று என்று சொன்னேனே, நினைவிருக்கிறதா? கோழியிடம் ஒன்றை எதிர்க்கக் கற்ற கிருமி மனிதனிடம் இன்னொன்றுக்கும் அடங்காது.

அமெரிக்காவில் 1990-களின் நடுவில் இந்த வகை மருந்துகளைக் கோழிக்கு அனுமதித்தார்கள். மினசோட்டா மாநிலத்தில் நோயாளிகளிடம் எடுத்த கேம்பைலோபாக்டரில் இந்த மருந்தை எதிர்ப்பவை 1992-இல் 1.3 சதவீதம், 1998-இல் 10.2 சதவீதம். வெளிநாடு போய் அங்கே தொற்றி வந்தவர்களும் அந்தக் கணக்கில் நிறைய உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் உள்ளூர்க் கடைகளில் வாங்கிய கோழிக்கறியிலும் அதே எதிர்ப்புக் கிருமி கிடைத்தது. 2000-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதியை விலக்க நடவடிக்கை எடுத்தது. ஒரு நிறுவனம் தன் மருந்தைத் தானே விலக்கிக்கொண்டது. பேயர் எதிர்த்து வழக்காடியது, ஐந்து ஆண்டுகள். 2005 செப்டம்பரில் கோழிக்கான என்ரோஃபிளாக்சசினுக்கு அங்கே தடை வந்தது. எதிர்ப்புத்திறனைக் காரணம் காட்டி அந்த நாட்டில் ஒரு கால்நடை மருந்தின் அனுமதி பறிக்கப்பட்டது அதுவே முதல் முறை. ஆஸ்திரேலியா இந்த வகை மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கு அனுமதிக்கவே இல்லை. அங்கே இந்த எதிர்ப்பு நெடுங்காலம் மிகக் குறைவாகவே இருந்தது.

நம் நாட்டில்? கோழித் தீவனத்தில் கலக்கப்பட்டு வந்த கோலிஸ்டின் என்ற வேறொரு கிருமிக்கொல்லி மருந்தை 2019-இல் தடை செய்தார்கள், நல்ல காரியம். இறால் பண்ணைகளில், என்ரோவும் சிப்ரோவும் சேர்ந்த ஃபுளோரோகுவினோலோன் வகைக்கு ஏற்கெனவே தடை இருக்கிறது. ஏனென்றால் இறாலை வாங்கும் வெளிநாட்டுக்காரன் சோதித்துப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறான். நமக்கே நாம் விற்கும் முட்டையையும் கறியையும் அந்தக் கண்டிப்போடு யார் சோதிக்கிறார்கள்? ஏற்றுமதி இறாலைச் சாப்பிடுபவரின் வயிறு ஒன்று, நம் சத்துணவு முட்டை சாப்பிடும் பிள்ளையின் வயிறு வேறொன்றா? ஐரோப்பாவில், மனிதர் உண்ணும் முட்டையை இடும் கோழிக்கு இந்த மருந்து கூடாது என்று புட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். இங்கே முட்டைக்கோழிப் பண்ணை நடத்தும் நண்பர்கள் தங்கள் மருத்துவரிடம் முதலில் இந்த ஒரு வரியைப் பற்றிக் கேளுங்கள்.

கடைசியாகப் பால். மாட்டுக்கு நிமோனியா, என்ரோ ஊசி போட்டோம், மாடு எழுந்துவிட்டது. மகிழ்ச்சி. மருந்து மட்டும் பாலிலும் கறியிலும் சில காலம் இருக்கும். அமெரிக்காவில் கடைசி ஊசி போட்ட 28 நாட்களுக்குள் அந்த மாட்டை இறைச்சிக்கு அறுக்கக் கூடாது. இருபது மாதம் கடந்த கறவை இனப் பசுவுக்கு இந்த மருந்தே அங்கே கூடாது. ஐரோப்பாவில் பசுவுக்குக் கொடுக்கலாம், ஆனால் குறிப்பிட்ட நாட்கள் பாலை ஒதுக்க வேண்டும். அந்த நாட்கள் மருந்துக்கு மருந்து வேறுபடும், ஆகவே மருந்தோடு வரும் சீட்டைப் படிக்க வேண்டும். "காய்ச்சித்தானே குடிக்கிறோம்?" என்று கேட்காதீர்கள். இந்த மருந்து கொதிக்கும் சூட்டுக்குப் பெரிதாக அசைவதில்லை. ஒதுக்கிய பாலைக் கன்றுக்கு ஊற்றினால் கன்றின் குடலில் எதிர்ப்புக் கிருமியை நாமே வளர்க்கிறோம்.

சீட்டைப் படிக்கலாம், தேதியைத் தொழுவச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைக்கலாம். ஆனால் அந்த நாட்களின் பால் காசு? இரண்டு மாடு வைத்து வட்டி கட்டுகிற ஒருவரிடம் போய், ஊரின் நலனுக்காக இத்தனை லிட்டரைக் கீழே ஊற்று என்று மேடையில் நின்று சொல்வது எனக்குச் சுலபம். அந்த நஷ்டத்தை அவர் ஒருவர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. பால் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் முன்வரிசையில் இருக்கிறார். மருத்துவர் சீட்டோடு வந்து, "இத்தனாம் தேதி வரை என் மாட்டுப் பாலை ஊற்ற மாட்டேன்" என்று முன்கூட்டிச் சொல்லும் உறுப்பினருக்கு அந்த நாட்களுக்குச் சங்க நிதியிலிருந்து பாதி விலையாவது கொடுக்க முடியுமா என்று அடுத்த பொதுக்குழுவில் எடுத்துப் பேசுங்கள், ஐயா. மருந்து போட்டதை யாரும் மறைக்காமல் சொல்ல வேண்டுமானால், சொன்னவர் நஷ்டப்படாமல் இருக்க வேண்டும்.

கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வரிசையாகப் பதில் சொல்கிறேன்.